முன்சீட்டுக்கு அடியில்

சாவியைத் திருப்பியதும் வண்டி 'டிக்' என்றது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பெயிண்டர் கையை எடுத்துக் கொஞ்சம் பொறுத்து மறுபடியும் திருப்பினான். மறுபடியும் ஒரு 'டிக்'. விடிந்தும் விடியாத நேரம். இரவு முழுக்கப் பெய்த மழை ஓய்ந்து தகரக் கூரையின் விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டுக்கு நடுவே வண்டியின் சத்தம் யாரோ சலிப்போடு நாக்கைத் தட்டுவதுபோல் கேட்டது.

முன்சீட்டில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். பெயிண்டரின் அக்கா. பள்ளிக்கூடத்தை விட்டு வந்து வருஷங்கள் ஆகியும் தெருவுக்கு அவர் டீச்சர்தான். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினோடு படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். விடுமுறை குறுக்கே வந்ததில் இந்த முறை இடைவெளி கூடிவிட்டது. குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் காலில் ஏறி, முகத்தில் ஏறி, இப்போது மூச்சில் வந்து நின்றது. பேச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்திக் காற்றை இழுத்தார். காலை முறைக்குப் போய்ச் சேராவிட்டால் கட்டிலை வெளியே காத்திருக்கும் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பெயிண்டரின் மனைவி போர்வைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட் பக்கத்தில் நின்றாள். நான்தான், என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது. நான்தான் இந்த வண்டியைக் கெடுத்தேன்.

அந்த வீட்டில் யாரும் டீச்சர் கண்ணில் படும்படி தண்ணீர் குடிப்பதில்லை. போன வருஷம் ஒருநாள் தாகம் தாங்காமல் குளியலறைக் குழாயில் வாயை வைத்துக் குடித்துவிட்டு, நடுக்கூடத்தில் மூச்சுத் திணறி விழுந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெயிண்டர் தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அதற்குப் பிறகு தண்ணீர்க் கேன் கொல்லைப்புறத்துச் சாமான் அறைக்குப் போனது. டம்ளர்கள் அலமாரிக்குள் போயின. டீச்சருக்கு நாள் முழுக்க ஒரு சின்னக் கிண்ணம் தண்ணீர். மற்றவர்களுக்குச் சாமான் அறையில் நின்றபடி நாலு மடக்கு. சமையலும் ஒன்றுதான், உப்பில்லாமல். டீச்சருக்குத் தனியாக, நமக்குத் தனியாக என்று சமைப்பது பெயிண்டருக்குப் பிடிக்கவில்லை. "அவங்க முன்னாடி நாம மட்டும் ருசியா தின்னா தொண்டையில இறங்குமா?" என்றான். அவன் வேலைக்குப் போகும் வீடுகளில் டீயும் பலகாரமும் கிடைக்கும். அவளுக்கு அந்த வீடுதான்.

அதனால் மதியத்தில், டீச்சர் கண்ணயர்ந்ததும், அவள் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். பெயிண்ட் டப்பாவும் ஏணியும் ஏற்றும் பழைய வேன். இப்போதெல்லாம் பெயிண்டருக்குப் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்களில்தான் வேலை என்பதால் வீட்டிலேயே நிற்கும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு, சாவியைப் பாதி திருப்பி ஃபேனைப் போட்டு, மெதுவாகப் பாட்டு வைத்துக்கொண்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து நிறைய உப்புப் போட்ட தண்ணீரை நிதானமாகக் குடிப்பாள். தொண்டையில் இறங்குவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். மீதியைப் பாட்டிலோடு பக்கத்துச் சீட்டுக்கு அடியில் பழைய துணிகளுக்குள் செருகிவிட்டு வந்துவிடுவாள். நேற்று மழையிலும் பெயிண்டர் பக்கத்துத் தெரு வேலைக்கு நடந்தே போயிருந்தான். நேற்றும் உட்கார்ந்தாள், வழக்கத்தைவிட அதிக நேரம்.

"என்னங்க," என்றாள். "நேத்து மத்தியானம் நான் வண்டியில கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். ஃபேன் போட்டேன். பாட்டும் போட்டேன்."

பெயிண்டர் திரும்பிப் பார்த்தான். "வண்டியிலயா? எதுக்கு?"

"சும்மாதான். வீட்டுக்குள்ள புழுக்கமா இருந்துச்சு."

"கொட்டற மழையில உனக்குப் புழுக்கமா?"

"அவள விடுடா," என்றார் டீச்சர். "விளக்கப் போடு முதல்ல."

"விளக்கப் போட்டு என்னக்கா பண்றது?"

"போடுன்னா போடு. நான் என்ன ஏழாங்கிளாஸ் பாடமா எடுக்கறேன், இவ்ளோ யோசிக்கற?"

முன்விளக்கு பளிச்சென்று எரிந்தது. எதிர்ச் சுவரில் ஈரம் மின்னியது.

"இப்ப சாவியைத் திருப்பு."

'டிக்'. விளக்கு பொட்டென்று அணைந்தது. கையை எடுத்ததும் திரும்ப வந்தது.

"பேட்டரி இறங்கியிருந்தா முதல்லயே மங்கலா எரியணும்ல," என்று டீச்சர் மூச்சை இழுத்தார். "நல்லா எரியுது. கேட்கும்போது மட்டும் கொடுக்க மாட்டேங்குது. போய் சத்தத்தைக் கூட்டிட்டு வா."

சத்தம் என்பது மூன்றாவது வீட்டு மெக்கானிக். இஞ்சின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவேன் என்று சொல்லிக்கொள்வதாலும், அதைவிட அவர் போடும் சத்தத்தாலும் வந்த பெயர். பெயிண்டர் ஓடினான். வாடகைக் காரைக் கூப்பிடலாமா என்று அவள் நினைத்தாள். தெருமுனையில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்துக்கு மேல் இரண்டு பலகையைப் போட்டு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தாலே எந்த டிரைவரும் திரும்பிப் போய்விடுவான். டீச்சரால் தெருமுனை வரை நடக்கவும் முடியாது.

"ஏம்மா," என்றார் டீச்சர். அவள் ஜன்னல் பக்கம் வந்தாள். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "போர்வையைக் குடு, குளிருது," என்று மட்டும் சொன்னார்.

சத்தம் சட்டையின் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். "என்னடா, பெயிண்ட் டப்பாவுக்குச் சக்கரம் கட்டி வண்டின்னு ஓட்டிட்டிருக்க, அது இன்னிக்குத்தான் முழிச்சுக்கிச்சா? டீச்சர், வணக்கம். பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்ல."

"நீ வந்ததாலதான் பயம்," என்றார் டீச்சர்.

சத்தம் சிரித்தபடி சாவியைத் திருப்பச் சொல்லி, தலையைச் சாய்த்துக் கேட்டார். "செல்ஃப் மோட்டார். போச்சு. சந்தேகமே இல்ல." ஒரு ஸ்பேனரோடு வண்டிக்குக் கீழே சேற்றில் சரிந்து மோட்டாரை நாலு தட்டுத் தட்டினார். "இப்ப அடி!" 'டிக்'. இன்னும் பலமாகத் தட்டினார். "அடி!" 'டிக்'.

"சந்தேகமே இல்லன்னியே?" என்றார் டீச்சர்.

"கொஞ்சமா இருக்கு டீச்சர்."

"தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமாண்ணே?" என்று கேட்டான் பெயிண்டர்.

"தள்ளலாம். பலகை மேல போறப்ப நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவ? டீச்சரோட சேத்துத் தூக்குவியா? பேட்டரியைப் பாப்போம். அது எங்க இருக்கு இதுல, சீட்டுக்கு அடியிலயா? டீச்சர், கொஞ்சம் இறங்கணுமே."

சீட்டுக்கு அடியில் என்றதும் அவளுக்குப் பாட்டில் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குள் ஓடி நாற்காலியைக் கொண்டுவந்தாள். பெயிண்டரும் அவளுமாக டீச்சரைத் தாங்கி இறக்கினார்கள். செருப்புக்குள் அடங்காத பாதம் சேற்றில் பதிந்தது. அதை எடுத்துவிட அவள் வண்டிப் பக்கம் போனாள். அதற்குள் சத்தம் துணிகளை வாரி வெளியே போட்டுவிட்டார். பாட்டில் உருண்டு வந்து பெயிண்டரின் காலடியில் நின்றது. அடியில் கொஞ்சம் மட்டும் மீதி, இரண்டு எலுமிச்சை விதைகளோடு.

சத்தம் அதைக் கவனிக்கவில்லை. சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, விசிலடித்தார். "அட கஷ்டமே! இங்க பாரு, தோட்டமே போட்டிருக்கு."

பேட்டரியின் ஒரு முனையில் வெள்ளையும் பச்சையுமாக ஏதோ பொரிந்து பூத்திருந்தது. ஒயரைப் பிடிக்கும் ஈயக் கவ்வி அதற்குள் புதைந்து கிடந்தது. சத்தம் விரலால் அசைத்ததும் கவ்வி பல்லைப்போல் ஆடியது. கொண்டுவந்திருந்த மீட்டரை வைத்துப் பார்த்தார். "பேட்டரி சும்மா குதிரை மாதிரி இருக்கு. இணைப்புதான் அரிச்சுப் போச்சு. விளக்குக்குக் கொஞ்சம் கரண்டு போதும், அது போகுது. செல்ஃபுக்கு நிறைய வேணும், அங்கதான் திக்குது."

ஃபேன் போட்டதால் இல்லை. பாட்டுக் கேட்டதால் இல்லை. அவளுக்கு ஒரு நொடி மனசு லேசாயிற்று.

"ஆனா இது தானா வந்தது இல்ல," என்று சத்தம் சீட்டின் அடிப்பக்கத்தைத் தடவினார். "மேலேர்ந்து ஒழுகியிருக்கு. இங்க பாரு, தையல் வழியா வெள்ளைக் கோடு. உப்பு. யாரோ உப்புத்தண்ணிய ஊத்தியிருக்காங்க. கொஞ்சம் கொஞ்சமா, ரொம்ப நாளா."

பெயிண்டர் குனிந்து பாட்டிலை எடுத்தான். முகர்ந்தான். மனைவியைப் பார்த்தான்.

"இது உன்னுதா?"

"ஆமா."

"வண்டியில வந்து உக்காந்து இதைத்தான் குடிப்பியா?"

"ஆமாங்க."

"குடி, யாரு வேணாம்னா? அதை ஒழுங்கா குடிக்கத் தெரியாதா? அக்கா போற வண்டின்னு ஒரு இது வேணாம்?" குரல் உயர்ந்தது. பிறகு சத்தம் பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்து தணிந்தது. "சொல்லியிருக்கலாம்ல என்கிட்ட."

டீச்சர் நாற்காலியில் முன்னால் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சண்டையை ஆஸ்பத்திரியில வெச்சுக்கங்க," என்றார் சத்தம். "தங்கச்சி, சுடுதண்ணி கொண்டா. சோடா மாவு இருந்தா அதுவும். டேய், உன்கிட்ட உப்புத்தாள் இருக்கும்ல, எடு."

சமையலறையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அவள் பாத்திரத்தின் முன்னால் நின்றாள். அவ்வளவுதான், முடிந்தது. தப்பை ஒப்புக்கொண்டாயிற்று, திட்டும் வாங்கியாயிற்று. இனிமேல் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அப்படியானால் மனசு ஏன் அடங்கவில்லை?

அவள் எப்போதும் உட்காருவது டிரைவர் சீட்டில். பக்கத்துச் சீட்டில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தியதில்லை.

பக்கத்துச் சீட்டு டீச்சருடையது. சாயங்காலங்களில் வீட்டுக்குள் மூச்சு முட்டுகிறது என்று டீச்சர் காற்றுக்காக வண்டியில் உட்காருவார். கதவைத் திறந்துவைத்து உட்கார வைத்துவிட்டு பெயிண்டர் குழாயடியில் பிரஷ் கழுவுவான். அவள் துணி மடிப்பாள். டீச்சரின் கை இப்போதெல்லாம் நடுங்குகிறது. ஸ்பூனைக் கொடுத்தாலே பாதி மடியில் போகும்.

இது இன்றைக்குத் தெரிந்த விஷயமும் அல்ல. மறுநாள் மதியம் துணிகளுக்குள்ளிருந்து எடுக்கும்போது பாட்டில் லேசாக இருக்கும். நாமே குடித்திருப்போம் என்று நினைத்துக்கொள்வாள். மூடி சரியாகத் திருகாமல் இருக்கும். அவசரத்தில் விட்டிருப்போம் என்று நினைத்துக்கொள்வாள். ஒவ்வொரு முறையும் அந்த நினைப்பு எவ்வளவு சீக்கிரம் வந்து உதவியது என்று இப்போது ஆச்சரியமாக இருந்தது. டீச்சரின் கால் வீங்குவதைப் பார்த்து, "எப்படிக்கா இவ்ளோ? அளந்துதானே குடுக்கறோம்?" என்று பெயிண்டர் கவலைப்படும்போது அவள் சோற்றை வடித்துக்கொண்டிருப்பாள். கை நிற்காது.

தண்ணீர் கொதித்தது.

வெளியே சத்தம் கவ்வியைக் கழற்றி வைத்திருந்தார். அவள் சோடா மாவைத் தூவிக் கொதிக்கும் நீரை ஊற்றினாள். அது சீறி நுரைத்துப் பொங்கி, பச்சையாக வழிந்து தரையில் ஓடியது. "இன்னும் ஊத்து, இன்னும் ஊத்து," என்றார் சத்தம். பாத்திரம் காலியானதும் இன்னொன்று. அந்த வீட்டில் பகிரங்கமாக அவ்வளவு தண்ணீர் ஊற்றிப் பல மாதம் ஆயிற்று. டீச்சர் நிமிர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு வெடித்திருந்தது.

"அக்கா, நீ அந்தப் பக்கம் பாரு," என்றான் பெயிண்டர்.

"ஏன்டா, பாத்தா எடை ஏறிடுமா?"

பெயிண்டர் கவ்வியை மடியில் வைத்து உப்புத்தாளால் தேய்த்தான். கதவுகளையும் ஜன்னல்களையும் தேய்த்துப் பழகிய கை. உள்வளைவில் கட்டைவிரலால் தாளை அழுத்திச் சுழற்ற, கறுப்புப் போய் உலோகம் வெளுத்தது. சத்தம் அதை வாங்கிப் பொருத்தி, மொத்த பலத்தையும் போட்டு நட்டை இறுக்கினார். "கிரீஸ் கடையில கிடக்கு. வேற ஏதாவது பிசுக்கு இருக்கா?"

டீச்சரின் வறண்டு அரிக்கும் தோலுக்குத் தடவும் வாசலின் போர்வைப் பையில் இருந்தது. அவள் எடுத்துக் கொடுத்தாள். சத்தம் தாராளமாக அள்ளி முனையில் பூசினார். "டீச்சர், உங்க அழகு சாதனத்தை உங்க பேட்டரிக்குப் போட்டுட்டேன்."

"அதுக்காவது அரிப்பு நிக்கட்டும்," என்றார் டீச்சர். சிரிக்கப் போனவருக்கு இருமல் வந்தது. நிற்காத இருமல். பெயிண்டர் ஓடிவந்து முதுகைப் பிடித்துக்கொண்டான். சிரித்துக்கொண்டிருந்த சத்தத்தின் முகம் மாறியது. "சாவியைப் போடு தங்கச்சி, சீக்கிரம்."

அவள் டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். எத்தனையோ மதியங்களில் பாதியில் நிறுத்திய சாவியை முழுக்கத் திருப்பினாள். வண்டி ஒரு உலுக்கலோடு உயிர் பெற்றது. ஏணி அதிர்ந்தது, டப்பாக்கள் அதிர்ந்தன. சத்தம் கையைத் தூக்கி ஏதோ கத்தியது இஞ்சின் இரைச்சலில் கேட்கவில்லை.

பலகையின் மேல் பெயிண்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான். அவள் பின்னால் டப்பாக்களுக்கு நடுவே குந்தியிருந்தாள். முன்சீட்டில் டீச்சரின் தலை ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆடியது. எட்டிப் பிடித்துக்கொள்ளலாம். கை நீளவில்லை.

டயாலிசிஸ் அறையில் எல்லாக் கட்டிலும் நிறைந்து ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். டீச்சரைப் பார்த்ததும் அவரைத் திரும்ப வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் கட்டிலைத் திரும்பிப் பார்த்தபடி போனார்.

எடை மெஷினில் டீச்சரை ஏற்றினார்கள். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்து சிஸ்டர் பேனாவை மூடினாள்.

"என்ன டீச்சர் இது? இவ்ளோ தண்ணி ஏத்திக்கிட்டு வந்தா நான் எப்படி ஒரே மூச்சுல எடுக்கறது? பிரஷர் இறங்கிடும், தெரியாதா உங்களுக்கு?" பெயிண்டரிடம் திரும்பினாள். "வீட்டுல யாரு தண்ணி குடுக்கறது?"

"அளந்துதான் சிஸ்டர் குடுக்கறோம். ஒரு கிண்ணம். அதுக்கு மேல சத்தியமா இல்ல." அவன் அக்காவைப் பார்த்தான். முகம் சுருங்கியது. "அக்கா... மறுபடியும் குழாய்ல குடிக்கறியா? என்கிட்டச் சொல்லு. நான் திட்டல."

டீச்சர் மெஷினின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். தலை குனிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் அவர் முன்னால் அப்படி நின்றிருப்பார்கள்.

"நான்தான் குடுத்தேன்," என்றாள் அவள்.

பெயிண்டர் புரியாமல் திரும்பினான்.

"அந்தப் பாட்டில்தான். உப்புத்தண்ணி. அண்ணி சீட்டுக்கு அடியில நான்தான் வெச்சேன்."

"உப்புத்தண்ணியா? நல்லா இருக்கு!" என்று சிஸ்டர் தொடங்கினாள். மெதுவாகக் கொல்வது எப்படி என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை என்றாள். படித்தவர்கள் வீட்டிலேயே இப்படி என்றால் என்றாள். டீச்சரைக் கட்டிலில் படுக்க வைத்து ஊசி குத்தி முடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். பெயிண்டர் மனைவியின் முகத்தில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு, "வண்டியைத் தள்ளி நிறுத்திட்டு வரேன்," என்று வெளியே போனான். வண்டி சரியான இடத்தில்தான் நின்றிருந்தது.

மெஷின் சுற்றத் தொடங்கியது. குழாயில் ரத்தம் ஏறிப் போவதைப் பார்த்தபடி அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நீ எங்க குடுத்த?" என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமல். "நானாத்தானே எடுத்தேன். கால்ல இடிச்சுது, எடுத்தேன்."

"பாட்டில் குறையறது எனக்குத் தெரியும் அண்ணி."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

அவள் நிமிர்ந்தாள்.

"மொதல்ல அடியில கொஞ்சம்தான் இருக்கும்," என்றார் டீச்சர். "நீ குடிச்ச மிச்சம். அப்புறம் பாதி இருந்துச்சு. கொஞ்ச நாளா கழுத்து வரைக்கும் இருக்கு. நீ குடிச்சிட்டு வெச்ச பாட்டில் எப்படிம்மா கழுத்து வரைக்கும் இருக்கும்?"

சாமான் அறையின் இருட்டில், கேனைச் சாய்த்து இரண்டாம் முறை பாட்டிலை நிறைக்கும் தன் கை அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கையை இதற்கு முன் ஒருநாளும் அவள் பார்த்ததில்லை. நாளைக்கு நமக்கு ஆகும் என்று நினைத்துக்கொண்டுதான் நிறைத்தாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

"பாவம்னு வெச்சியா?" டீச்சர் கேட்டார். குரலில் கோபம் இல்லை. விடையைத் தெரிந்துகொள்ள விரும்பும் குரல். "இல்ல..." மீதியை அவர் சொல்லவில்லை. மூச்சு போதவில்லையோ என்னவோ.

பாவம் என்றுதான், என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். வெடித்த உதட்டைப் பார்க்கத் தாங்காமல்தான். அது பொய்யில்லை. ஆனால் துவைத்துத் துவைத்துக் கை வெந்த நாட்கள் இருந்தன. கிண்ணத்தை அளந்து வைக்கும்போது, இது என்றைக்கு முடியும் என்று மனசு தானாகக் கேட்ட நாட்கள் இருந்தன. எந்த நாளில் பாட்டிலை நிறைத்தோம் என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"தெரியல அண்ணி," என்றாள். கண்ணீர் வந்தது. துடைக்க வெட்கமாக இருந்தது.

டீச்சர் ஊசி குத்தாத கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து அவள் முழங்கால்மேல் வைத்தார். வீங்கிய கை, அழுத்தினால் குழி விழும்.

"உப்பு ஜாஸ்தி," என்றார். "ஆனா நல்லா இருந்துச்சு. அப்படியே உயிர் வந்த மாதிரி." பிறகு கண்ணைத் திறந்து, குரலைத் தாழ்த்தி, சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, கடையில் எதையோ கேட்டு அடம்பிடிக்கப்போகும் குழந்தையின் முகத்தோடு கேட்டார். "நாளைக்கும் வைப்பியா?"

கழுத்து வரைக்கும் வேண்டாம், அடியில் கொஞ்சம் மட்டும் என்று அந்த முகம் பேரம் பேசத் தயாராக இருந்தது. சரி என்று தலையாட்டிவிடுவது சுலபம். ஒன்றும் சொல்லாமல் இருப்பது அதைவிடச் சுலபம். அதை அவள் இத்தனை நாள் செய்துவந்தாள்.

"மாட்டேன் அண்ணி."

டீச்சரின் கை அவள் முழங்காலிலிருந்து எழுந்து போர்வைக்குள் போனது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் மேலும் கீழும் அசைந்தது. அழுகையா மூச்சா என்று தெரியவில்லை. வழக்கமாக இந்த நேரத்தில் அவள் வராந்தாவுக்குப் போய் ஜன்னலோரம் நின்றுகொள்வாள். இன்று ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டு, அந்த முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.